நியூஹாமில் 60க்கு 60 எப்படி வந்தது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கிழக்கு லண்டனில் உள்ள நியூஹாம் கவுன்சிலில் 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தல்களிலும் லேபர் (தொழிலாளர்) கட்சி 60 இடங்களில் 60ஐயும் பிடித்திருக்கிறது, இது எப்படி நடக்கும், உள்ளே ஏதாவது தில்லுமுல்லு உண்டா, அந்த ஊரில் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்ட் ஹாமில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் அங்கே ஓட்டுப் போடலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். எதிர்த்துப் பேச ஒரு ஆள்கூட இல்லாத சபைக்கு நடப்பதைத் தேர்தல் என்று சொல்லலாமா என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. நான் இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடி எழுத்தராகவும், சில தடவை எண்ணும் மேசையிலும் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளூர் வரலாறு படிக்கிற பழக்கமும் உண்டு. ஆகவே சட்டம், முறை, முடிவுகள் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மக்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதில் என்னிடம் இருப்பது ஊகம்தான். அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். அக்கா மகன் ஓட்டுப் போடலாம். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவோடு இங்கே குடியிருக்கும் 18 வயது நிரம்பிய எவரும் கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவுக்கும் இது பொருந்தும். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை. இது தெரியாமலே வருடக்கணக்கில் இங்கே வாழ்ந்துவிட்டுப் போன நம் ஆட்கள் ஏராளம். ஆனால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது, விண்ணப்பிக்க வேண்டும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டையும் காட்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டே போதும். வேட்பாளராக நிற்பது வேறு கதை, அதற்கு நிரந்தரமாக இங்கே இருக்கும் உரிமை வேண்டும்.

இனி 60க்கு 60. நம் ஊரில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இங்கே 2022க்கு முன்பு நியூஹாமில் 20 வார்டு, வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், மூவரும் ஒரே நாளில் ஒரே சீட்டில் தேர்வாவார்கள். வியாழக்கிழமை காலை 7 மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கூடத்திலோ சர்ச் மண்டபத்திலோ சாவடி திறக்கும். வாசலில் கட்சிக்காரர்கள் சட்டையில் கலர் ரிப்பன் பூ குத்திக்கொண்டு நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். தங்கள் ஆட்களில் யார் இன்னும் வரவில்லை என்று பார்க்கத்தான், சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே எழுத்தர் முகவரி கேட்டு, பட்டியலில் பெயரின் மேல் கோடு போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். விரலில் மை கிடையாது. மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். பேனா இல்லாமல் பென்சிலா, அழித்துவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொந்தப் பேனா கொண்டுவந்தால் யாரும் தடுப்பதில்லை. சீட்டில் 'மூன்று பேருக்கு மிகாமல்' என்று அச்சடித்திருக்கும். மூன்று பெருக்கல் குறி போடலாம், ஒன்று மட்டும் போட்டுவிட்டும் வரலாம்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. கணக்காகப் பார்த்தால் சட்டென்று புரியும். ஒரு வார்டில் 3,000 பேர் ஓட்டுப் போட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 பேர் லேபர் வேட்பாளர்கள் மூவருக்கும் குறி போடுகிறார்கள், 900 பேர் கன்சர்வேட்டிவ் மூவருக்கும், 700 பேர் மற்றவர்களுக்கு. லேபர் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் 1,400. அதிக ஓட்டு வாங்கிய முதல் மூன்று பேர் அவர்களே. பாதிகூட இல்லாத ஆதரவில் மூன்று இடமும் போயிற்று, 1,600 பேரின் ஓட்டுக்கு ஒரு இடமும் இல்லை. இதையே 20 வார்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஊர் முழுக்க ஒரு கட்சிக்கு ஓரளவு சீரான ஆதரவு இருந்தால் போதும், 60க்கு 60 வந்துவிடும். ஆதரவு ஓரிடத்தில் குவிந்திருந்தால்தான் சிறு கட்சிக்கு வழி கிடைக்கும். பக்கத்து பார்க்கிங் அண்ட் டேகன்ஹாமிலும் 2010இல் இதே கதைதான். அதற்கு முந்தைய தேர்தலில் பிஎன்பி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 12 இடம் பிடித்திருந்தது, 2010இல் அத்தனையையும் இழந்தது, 51 இடமும் லேபருக்கு. 2018இல் தெற்கு லண்டனின் லூயிஷாமில் 54க்கு 54. ஸ்காட்லாந்து இந்த முறையை 2007லேயே கைகழுவிவிட்டது. அங்கே கவுன்சிலர்களை விருப்ப வரிசையில் எண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒரே கட்சி மொத்தமாக வாரிக்கொண்டு போவது அங்கே நடப்பதில்லை. இங்கிலாந்து பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணும்போது இது இன்னும் கண்கூடாகத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்ததும் முதலில் ஒரே கட்சியின் மூவருக்கும் குறி போட்ட சீட்டுகளைத் தனியே அடுக்குவோம். அது மளமளவென்று முடிந்துவிடும். மாற்றி மாற்றிப் போட்ட சீட்டுகள்தான் உயிரை வாங்கும். இந்தக் கட்சியில் இரண்டு, அந்தக் கட்சியில் ஒன்று, சிலதில் ஒரே ஒரு குறி. ஒருவர் சீட்டைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார், இன்னொருவர் கட்டம் போட்ட தாளில் கோடு இழுப்பார், எதிரே கட்சி முகவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் அனுபவத்தில் முதல் அடுக்குதான் எப்போதும் பெரியது. ஆளைப் பார்த்துப் போடுகிறவர்கள் குறைவு, கட்சியைப் பார்த்துப் போடுகிறவர்களே அதிகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி இருக்கும். ஒரே கட்சி வேட்பாளர்களிலேயே ஏ, பி என்று தொடங்கும் பெயர்க்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் நம் வேட்பாளர் வி என்ற எழுத்தில் மாட்டிக்கொண்டால், அப்பாவைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

தில்லுமுல்லு இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கே 60க்கு 60ஐ விளக்கப் போதுமானது, கள்ள ஓட்டைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. கிழக்கு லண்டன் தேர்தல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பக்கத்து டவர் ஹாம்லெட்ஸ். அங்கே 2014இல் லுட்ஃபர் ரஹ்மான் மேயராக வென்றது செல்லாது என்று 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, முறைகேடுகள் நிரூபிக்கப்பட்டன. தடைக்காலம் முடிந்து 2022இல் அவர் மறுபடி நின்று ஜெயித்தார் என்பது தனிக்கதை. அந்தத் தீர்ப்பு நியூஹாமைப் பற்றியது அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தபால் ஓட்டு பற்றி டீக்கடையில் எத்தனையோ பேச்சு காதில் விழும். நீதிமன்றத்தில் நின்றது ஒரு பக்கம், வாய்ப்பேச்சு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பது என் வழக்கம்.

எப்போதுமே இப்படித்தானா என்றால், இல்லை. இதுதான் ருசியான பகுதி. நியூஹாம் என்ற அமைப்பே 1965இல் பிறந்தது. அதற்கு முன்பு அங்கே வெஸ்ட் ஹாம், ஈஸ்ட் ஹாம் என்று இரண்டு தனி நகரங்கள், இரண்டும் அன்றைக்கு லண்டனுக்கு வெளியே எசெக்ஸ் மாவட்டத்தில். இங்கிலாந்து நகரசபைத் தேர்தலின் அடிப்படை 1835ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை பெரும்பாலான ஊர்களில் ஒரு சின்ன வட்டமே தங்களுக்குள் ஆள் நியமித்துக்கொண்டு நகரத்தை ஆண்டது. 1835 சட்டம் வீட்டுவரி கட்டும் ஆண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. கவுன்சிலருக்கு மூன்று வருடப் பதவி, ஆனால் வருடா வருடம் நவம்பரில் மூன்றில் ஒரு பங்கு பேர் மாறுவார்கள். கூடவே ஆல்டர்மேன் என்று ஒரு இனம்: மக்கள் ஓட்டுப் போட மாட்டார்கள், கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள், ஆறு வருடம் அசைக்க முடியாது. மக்கள் ஒரே மூச்சில் எல்லாரையும் மாற்றிவிடக் கூடாது என்ற பயம் அந்த ஏற்பாடு முழுவதிலும் தெரிகிறது. 1869இல் வரி கட்டும் பெண்களுக்கும் ஓட்டு வந்தது, ஆனால் 1872இல் ஒரு வழக்கில் மணமான பெண்ணுக்கு அது இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, விதவையும் கன்னியும் நகரசபைக்கு ஓட்டுப் போடலாம், மனைவி போட முடியாது. அதே 1872இல்தான் ரகசிய வாக்குச்சீட்டு வந்தது. அதற்கு முன்பு யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வெஸ்ட் ஹாம் 1886இல் நகரசபை ஆனது. கப்பல்துறை, சர்க்கரை ஆலை, ரசாயன ஆலை, ரயில் பட்டறை என்று லண்டன் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத புகைத் தொழில்கள் எல்லாம் வந்து இறங்கிய ஊர். பக்கத்தில் பெக்டன் எரிவாயு ஆலை. அங்கே வேலை பார்த்த வில் தோர்ன் 1889இல் எரிவாயுத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கினார். சின்ன வயதிலேயே வேலைக்குப் போனதால் எழுத்துப் படிப்பு அரைகுறை. காரல் மார்க்ஸின் மகள் எலினோர் அவருக்குப் படிப்பில் உதவினார். 1891இல் அவர் வெஸ்ட் ஹாம் கவுன்சிலர் ஆனார். அடுத்த வருடமே தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி வெஸ்ட் ஹாம் தெற்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1898 நவம்பரில் சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கக்காரர்கள், ஐரிஷ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கவுன்சிலில் பெரும்பான்மை பெற்றார்கள். பிரிட்டனில் தொழிலாளர் அணி ஒரு நகரசபையைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. லேபர் கட்சி என்ற தேசியக் கட்சி அப்போது பிறக்கவே இல்லை, அது 1900இல்தான். கவுன்சில் ஊழியருக்கு 8 மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டு கவுன்சிலே கட்டட வேலை செய்வது என்று கிடுகிடுவென்று இறங்கினார்கள். வரி கூடும் என்று பயந்த வியாபாரிகளும் மற்றவர்களும் எதிரணியாகத் திரண்டார்கள். 1899 நவம்பரிலேயே பெரும்பான்மை பறிபோயிற்று. வருடா வருடம் மூன்றில் ஒரு பங்குக்குத் தேர்தல் என்ற ஏற்பாட்டின் விளைவு இது: வேகமாக மேலே ஏற்றும், அதே வேகத்தில் இறக்கியும் விடும்.

ஆகவே லேபரின் கோட்டை என்று இன்று சொல்கிற ஊரில் முதல் தொழிலாளர் ஆட்சி ஒரே ஒரு வருடம்தான் ஓடியது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் லேபர் அங்கே காலூன்றியது. அப்போதும் கவுன்சிலில் ஜெயித்தால் மட்டும் போதவில்லை. ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்டியன் போர்டின் வேலை. வெஸ்ட் ஹாம் போர்டு வேலையில்லாதவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துக் கடனில் மூழ்கியது. 1926இல் அமைச்சர் நெவில் சேம்பர்லின் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டை ஒதுக்கிவைத்துவிட்டு, தான் நியமித்த ஆட்களை உட்காரவைத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு பக்கத்து பாப்லரில் லண்டனின் பொது நிர்வாகமான லண்டன் கவுண்டிக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட மறுத்து 30 கவுன்சிலர்கள் ஜெயிலுக்கே போயிருந்தார்கள். லண்டனின் இந்த மூலையில் தேர்தலில் ஜெயித்தவருக்கும் மேலிடத்துக்கும் இழுபறி நடந்தது ஒரு தடவை அல்ல.

பெண்கள் நகரசபைக்கு நிற்கலாம் என்று 1907இல்தான் சட்டம் வந்தது. வெஸ்ட் ஹாமின் முதல் பெண் மேயர் டெய்ஸி பார்சன்ஸ், 1936இல். சிகரெட் ஆலையில் வேலை செய்தவர், ஓட்டுரிமைப் போராட்டக்காரர், 1914இல் பிரதமர் ஆஸ்க்வித்தை நேரில் சந்தித்துப் பேசிய கிழக்கு லண்டன் பெண்கள் குழுவில் ஒருவர். ஆனால் அவர் மேயரான காலத்திலும் ஊரில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. நாடாளுமன்றத்துக்கு 21 வயதானவர் எல்லாரும் போடலாம், நகரசபைக்கு மட்டும் வீட்டைச் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருப்பவரும் அவர் துணையும்தான். அம்மா அப்பா வீட்டில் இருக்கும் 25 வயது மகனுக்குக் கிடையாது. 1945 சட்டம்தான் அதைச் சரிசெய்தது. 1938க்குப் பிறகு போரால் தேர்தலே நடக்கவில்லை, 1945 நவம்பரில் மறுபடி நடந்தபோது ஊரே மாறியிருந்தது. குண்டுவீச்சில் தெருத்தெருவாகப் போனது. 1931இல் ஏறக்குறைய 2,94,000 பேர் இருந்த வெஸ்ட் ஹாமில் 1951இல் சுமார் 1,71,000 பேர்தான். நவம்பர் தேர்தல் மே மாதத்துக்கு மாறியதும் அந்தச் சமயத்தில்தான், 1949 முதல்.

1963இல் லண்டன் அரசுச் சட்டம் இரண்டு ஹாம்களையும் ஒன்றாக்கி லண்டனுக்குள் இழுத்தது. 1964 மே 7 அன்று முதல் நியூஹாம் தேர்தல்: 60 கவுன்சிலர்கள், 10 ஆல்டர்மேன்கள். வருடாவருடத் தேர்தல் போய், எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்ற முறை வந்தது. லேபர் வசதியாக ஜெயித்தது. ஆனால் அடுத்த தேர்தலைப் பாருங்கள். 1968 மே. பவுண்டின் மதிப்பைக் குறைத்து ஹரால்ட் வில்சனின் லேபர் அரசு பெயர் கெட்டுக் கிடந்த நேரம். லண்டனின் 32 பரோக்களில் (நியூஹாம் மாதிரி தனிக் கவுன்சில் உள்ள பகுதிகளில்) 28 கன்சர்வேட்டிவ் கைக்குப் போயின. நியூஹாமிலேயே லேபர் பெரும்பான்மையை இழந்தது, யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை வந்தது. தேர்தல் முடிந்து ஒரே வாரம்தான் ஆகியிருந்தது. மே 16 காலை கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற புத்தம் புது 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஒரு மூலை சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நாடு முழுக்க அடுக்குமாடிக் கட்டட விதிகளை மாற்றிய விபத்து அது. 1971இல் லேபர் திரும்பி வந்தது, அதற்குப் பிறகு 2022 தேர்தல் வரை நகரவே இல்லை. ஆல்டர்மேன்கள் 1978 தேர்தலோடு லண்டன் பரோக்களில் ஒழிந்தார்கள். சீட்டில் வேட்பாளர் பெயரோடு கட்சிப் பெயரும் அச்சாக அனுமதி கிடைத்ததே 1969இல்தான் என்பதையும் மனதில் வையுங்கள். முன்பு சொன்னேனே, கட்சியைப் பார்த்து மூன்று குறி போடுவது, அது அதற்கப்புறம் இன்னும் சுலபமாயிற்று.

என் கருத்து என்னவென்றால், இப்படிப்பட்ட ஊரில் தேர்தல் காணாமல் போய்விடுவதில்லை, கட்சிக்குள் இடம்பெயர்ந்துவிடுகிறது. முதல் உதாரணம் 1975. ரெக் பிரென்டிஸ் அமைச்சரவையில் இருந்தவர், நியூஹாம் வடகிழக்குத் தொகுதி எம்பி. உள்ளூர் லேபர் கிளை அவரை இனி வேட்பாளராக ஏற்க முடியாது என்று தீர்மானம் போட்டது. பிரதமர் வரை தலையிட்டும் நடக்கவில்லை. 1977இல் அவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே போய்விட்டார். பொதுமக்கள் யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை.

இரண்டாவது உதாரணம் கவுன்சிலைப் பற்றியதே. 2002 ஜனவரியில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது; நான்கில் ஒரு பங்கு வாக்காளர்களே வந்தார்கள், வந்தவர்களில் 68 சதவீதம் வேண்டும் என்றார்கள். அந்த மே மாதம் லேபரின் ராபின் வேல்ஸ் மேயரானார். கவுன்சிலராக இருந்து கூட்டத்தில் கை தூக்கித் தேர்வாகும் சடங்கு மேயர் அல்ல இது, நிர்வாக அதிகாரம் மொத்தமும் ஒருவர் கையில். 2006இல் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வியர்த்தது: ஈராக் போர் எதிர்ப்பில் பிறந்த ரெஸ்பெக்ட் கட்சியின் வேட்பாளர் நன்றாகவே ஓட்டுப் பிரித்தார், முதல் சுற்றில் வேல்ஸுக்குப் பாதி வரவில்லை, வாக்காளர்கள் சீட்டில் குறித்திருந்த இரண்டாம் விருப்பத்தையும் எண்ணித்தான் ஜெயித்தார். அந்த வருடம் கவுன்சிலில் ரெஸ்பெக்டுக்கு 3, கிறிஸ்டியன் பீப்பிள்ஸ் அலையன்ஸ் என்ற சிறு கட்சிக்கு 3, மற்ற 54 லேபருக்கு. 2010 கவுன்சில் தேர்தல் பொதுத்தேர்தலன்றே வந்தது, கூட்டம் கூடுதல், லேபருக்கு 60. எதிர்க்கட்சி பூஜ்யம். மேயரின் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டிய ஆய்வுக்குழுக்களிலும் அவர் கட்சிக்காரர்களே உட்கார்ந்தார்கள். 60க்கு 60இன் உண்மையான கேடு இதுதான் என்று நினைக்கிறேன். நிர்வாகத்தைக் குடைந்து கேட்பதில் லாபம் உள்ள ஆள் அறையில் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் வேல்ஸ் எப்படிப் போனார்? 2016இல் கட்சிக் கிளைகளும் இணைந்த சங்கங்களும் ஓட்டுப் போட்டு அவரையே மறுபடி வேட்பாளர் ஆக்கியதாக அறிவித்தார்கள். சில சங்கங்கள் ஓட்டுப் போட்ட முறை சரியில்லை என்று உறுப்பினர்கள் சண்டை போட்டார்கள். கடைசியில் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று, போட்டி திறந்துவிடப்பட்டது. 2018 மார்ச்சில் கட்சி உறுப்பினர் வாக்கெடுப்பில் ருக்ஸானா ஃபியாஸ் 861, வேல்ஸ் 503. மே மாதம் ஊர்த் தேர்தலில் ஃபியாஸ் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி மேயரானார். மூன்றரை லட்சம் மக்கள் உள்ள ஊரின் மேயரை உண்மையில் மாற்றியது அந்த 1,364 ஓட்டு. மே மாதம் நடந்தது அதற்குப் போட்ட முத்திரை.

ஏன் இந்த ஊர் லேபரை விடவில்லை என்பதில்தான் என் ஊகம் வருகிறது. வாடகை வீட்டுக்காரர்கள், குறைந்த வருமானம், குடியேறி வந்தவர்கள் அதிகம். இந்த மூன்றும் உள்ள இடங்களில் லண்டன் முழுக்க லேபருக்குச் சாய்வு இருந்திருக்கிறது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் தோசைக் கடை, நகைக்கடை, சேலைக்கடை என்று பாதி நம் ஊராகத் தெரியும், மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது, தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் அங்கேயும் வந்து கும்பிடுவார்கள். தமிழ்க் கவுன்சிலர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் 'தமிழர் ஓட்டு இந்தப் பக்கம், வங்காளி ஓட்டு அந்தப் பக்கம்' என்று கடையில் நின்று துல்லியமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எண்ணும் மேசையில் சீட்டுக்குச் சாதியும் மொழியும் தெரியாது, வார்டு மட்டும்தான் தெரியும்.

2022இல் அந்த முழு வெற்றி உடைந்தது. எல்லைகளைத் திருத்தி 66 இடமாக்கினார்கள், சில வார்டுகளுக்கு இரண்டே கவுன்சிலர்கள். அப்படி உருவான ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க் வார்டில் 2012 ஒலிம்பிக்குக்குப் பிறகு எழுந்த புதுக் குடியிருப்புகள். அதன் இரண்டு இடத்தையும் பசுமைக் கட்சி பிடித்தது. ஆதரவு ஓரிடத்தில் குவிந்தால்தான் சிறு கட்சிக்கு வழி என்றேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மீதி 64 லேபருக்கு. ஃபியாஸ் மறுபடி ஜெயித்தாலும் அவர் ஓட்டு 56 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இடையில் 2021இல் மேயர் முறையே வேண்டுமா என்று மறுபடி கேட்டபோது 56 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றிருந்தார்கள். 2023இல் போலீன் வார்டிலும், பிறகு பிளாஸ்டோ நார்த்திலும் நடந்த இடைத்தேர்தல்களில் சுயேச்சைகள் லேபரைத் தோற்கடித்தார்கள். இடைத்தேர்தலில் ஒரே இடம், ஒரே குறி. மூன்று குறி தரும் பாதுகாப்பு பெரிய கட்சிக்கு அங்கே இல்லை. மேயர் தேர்தலிலும் ஒன்று மாறிவிட்டது: 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரண்டாம் விருப்பம் எடுக்கப்பட்டு, முதல் எண்ணிக்கையில் யாருக்கு அதிகமோ அவரே மேயர் என்றாயிற்று. 2006இல் வேல்ஸைக் கரையேற்றிய அந்த இரண்டாம் எண்ணிக்கை அந்தச் சட்டத்தோடு போயிற்று. அந்த முறையில் நான்கைந்து பேர் பலமாக நின்றால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டிலேயே ஒருவர் மேயராகிவிடலாம்.